எந்த நிபந்தனை வைத்தால் சம்மதிப்பீர்கள்?

“ஆராய்ச்சி பண்ணப் போனவங்க, சாராயக்கடைக்குச் சாட்சி சொல்லிட்டு வந்திருக்கீங்களே தோழர்?” என்று ஊரிலிருந்து ஒரு நண்பர் கேட்டார். கேலியாகத்தான் கேட்டார். ஆனால் அதற்குள் ஒரு வருத்தமும் இருந்தது. டாஸ்மாக்கை எதிர்த்துப் பெண்களோடு தெருவில் உட்கார்ந்தவர் அவர். அவருக்குப் போனில் சொன்ன பதில் பாதியில் நின்றுவிட்டது. மீதியை இங்கே எழுதுகிறேன்.

கிழக்கு லண்டனில் நான் வாடகைக்கு இருக்கும் தெருவின் முனையில் ஒரு பழைய பப் இருக்கிறது. பல ஆண்டுகள் பலகை அடித்து மூடிக் கிடந்த கட்டடம். அதை எடுத்து நடத்துபவர் திருவள்ளூர் பக்கத்துக்காரர். இந்த நகரத்தின் சமையலறைகளில் பதினைந்து வருடம் பாத்திரம் கழுவி, பிறகு அடுப்படியில் நின்று, கடைசியில் ஒரு நண்பரோடு சேர்ந்து கடன் வாங்கி இந்தக் குத்தகையைப் பிடித்தார். பியர் உண்டு. மாட்டுக்கறி வறுவல், மீன் வறுவல், வெள்ளிக்கிழமை கானா. முதியோர் இல்லங்களில் பின்னேர ஷிஃப்ட் முடித்தவர்கள், ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை பார்ப்பவர்கள், கிடங்குகளில் பெட்டி அடுக்குகிறவர்கள் என்று வருவார்கள். மலையாளிகள், தெலுங்கர்கள், பஞ்சாபிகள், இரண்டு மூன்று வயதான வெள்ளைக்காரர்கள். இவர்களில் பலருக்கு வேலை முடிவதே இரவு பத்து, பத்தரைக்குத்தான். கடையோ பதினொன்றுக்கு மூடியாக வேண்டும். அதனால் வெள்ளி, சனி இரண்டு நாட்கள் மட்டும் இரவு ஒரு மணி வரை திறந்து வைக்க அனுமதி கேட்டுக் கவுன்சிலுக்கு விண்ணப்பம் போட்டார்.

இங்கே இதற்கு ஒரு முறை இருக்கிறது. 2003ஆம் ஆண்டின் உரிமச் சட்டம். நடைமுறைக்கு வந்தது 2005 நவம்பரில். விண்ணப்பித்தவர் வெளிர்நீலத் தாளில் அறிவிப்பு அச்சடித்துக் கடை வாசலில் 28 நாட்கள் ஒட்டி வைக்க வேண்டும். உள்ளூர்ப் பத்திரிகையிலும் விளம்பரம் தர வேண்டும். அந்த 28 நாட்களுக்குள் யார் வேண்டுமானாலும் எதிர்த்தோ ஆதரித்தோ எழுதலாம். எதிர்ப்பு வந்து அது பேசித் தீரவில்லை என்றால் மூன்று கவுன்சிலர்கள் கொண்ட துணைக்குழு உட்கார்ந்து விசாரிக்கும். எழுதிக் கொடுத்தவர்கள்தான் அங்கே பேச முடியும். முடிவு பிடிக்காதவர்கள் 21 நாட்களுக்குள் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்துக்குப் போகலாம்.

எதை வேண்டுமானாலும் காரணமாகச் சொல்லிவிடவும் முடியாது. சட்டம் நான்கே நான்கு நோக்கங்களை வைத்திருக்கிறது: குற்றமும் ஒழுங்கீனமும் தடுத்தல், பொதுப் பாதுகாப்பு, பொதுத் தொல்லையைத் தடுத்தல், குழந்தைகளைத் தீங்கிலிருந்து காத்தல். ‘குடிப்பது பாவம்’ என்று எழுதினால் குப்பைக்குப் போகும். ‘ஏற்கெனவே நாலு கடை இருக்கு, இன்னொன்று எதற்கு’ என்றாலும் அது உரிமக் குழு பார்க்கிற விஷயம் இல்லை. முதலில் இதைப் படித்தபோது எனக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது. நம் ஊரில் எந்தப் பஞ்சாயத்திலாவது ‘இந்த நான்கு காரணத்தைத் தவிர வேறு எதுவும் பேசக்கூடாது’ என்று ஒரு விதி இருந்திருக்கிறதா என்று யோசித்துப் பார்த்தேன்.

அந்த நிம்மதி எத்தனை நாள் இருந்தது என்பதுதான் கதை.

எங்கள் பகுதியில் தமிழ்நாட்டிலிருந்து வந்து வீடு வாங்கிக் குடியேறிய மென்பொருள் துறைக் குடும்பங்கள் நிறைய. அவர்களுக்கு ஒரு வாட்சப் குழு உண்டு. பொங்கல் விழா, பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பு, ஊரிலிருந்து யார் வந்தால் முருங்கைக்காய் கொண்டு வரலாம் என்பது மாதிரியான விஷயங்கள் அதில் ஓடும். நல்ல மனிதர்கள் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். நான் புதிதாக வந்த குளிர்காலத்தில் எனக்குக் கனமான கோட்டு கொடுத்த அண்ணி அந்தக் குழுவில் இருக்கிறார். நீலத் தாள் ஒட்டப்பட்ட மூன்றாம் நாள் அந்தக் குழு வேறு மாதிரிப் பேசத் தொடங்கியது.

“இது ஃபேமிலி ஏரியா. நைட்டு ஒரு மணி வரைக்கும்னா சேரி மாதிரி ஆயிடும்.”

“மாட்டுக்கறி நாத்தம் இப்பவே தாங்கல.”

“ஊர்ல இவங்க கூடதான் கஷ்டம்னு இவ்ளோ தூரம் வந்தா இங்கயுமா?”

கடைசி வரிக்குக் கீழே பதினோரு கட்டைவிரல்கள். கடைக்காரரின் ஊரை, தெருவை, அப்பா பெயரை எல்லாம் ஏற்கெனவே விசாரித்து முடித்திருந்தார்கள் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. என்னுடைய ஊரை மட்டும் யாரும் சரியாக விசாரிக்கவில்லை போல. பிஎச்.டி. படிக்கிற பெண், கண்ணாடி போட்டிருக்கிறாள், நன்றாகப் பேசுகிறாள் என்று அவர்களாகவே ஒரு முடிவுக்கு வந்திருந்தார்கள். அவர்கள் வாயில் வசைச்சொல்லாக வந்த சேரியில்தான் நான் பிறந்து பத்தாம் வகுப்பு வரை படித்தேன்.

அடுத்த நாள் குழுவில் ஒரு மாதிரிக் கடிதம் வந்தது, ஆங்கிலத்தில். ‘பெயரையும் முகவரியையும் மட்டும் மாற்றி அனுப்புங்கள், 28 நாளைக்குள் போக வேண்டும்.’ அந்தக் கடிதத்தைப் படித்து நான் வியந்துபோனேன். சேரி அதில் இல்லை. ‘இந்தப் பகுதியின் குடும்பத் தன்மைக்குப் பொருந்தாத வாடிக்கையாளர்களை ஈர்க்கும்’ என்று இருந்தது. மாட்டுக்கறி நாத்தம் ‘விரும்பத்தகாத சமையல் வாடை, பொதுத் தொல்லை’ ஆகியிருந்தது. ‘இவங்க கூட’ என்பது ‘சமூக விரோதப் போக்கு பற்றிய அச்சம்’ என்று மாறியிருந்தது. ஒவ்வொரு வரியும் நான்கு நோக்கங்களில் ஏதாவது ஒன்றின் கீழ் அழகாக உட்கார்ந்திருந்தது. வண்ணான் துறையில் அடித்துத் துவைத்தது போல என்று எழுத வந்தது; அந்த உவமையையும் நாம்தான் விட்டொழிக்க வேண்டும்.

சட்டம் ‘இந்த நான்கைத் தவிர வேறு பேசாதே’ என்றதும் சாதி வாயை மூடிக்கொண்டு போய்விடும் என்று நான் நம்பியிருந்தேன். அது போகவில்லை. அந்த நான்கையும் மனப்பாடம் செய்துகொண்டு திரும்பி வந்தது.

ஒரு உண்மையையும் சொல்லிவிடுகிறேன். நானும் என் காரணத்தை மாற்றித்தான் எழுதினேன். ஆதரித்து எழுதலாமா என்று உரிமப் பிரிவுக்கு மின்னஞ்சல் அனுப்பிக் கேட்டேன். எழுதலாம், ஆனால் நான்கு நோக்கங்களோடு பொருத்தி எழுதுங்கள் என்று பதில் வந்தது. எனவே ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்கு இரவில் நடந்து வரும் பெண்களுக்கு விளக்கெரியும் ஒரு கடை பாதுகாப்பு என்றும், சூடான சாப்பாடு கிடைத்தால் வெறும் வயிற்றில் குடிப்பது குறையும் என்றும் எழுதினேன். இரண்டும் உண்மைதான். ஆனால் நான் எழுத நினைத்தது வேறு. இந்த ஊரில் தமிழில் பேசிக்கொண்டு, அப்பா பேரை யாரும் கேட்காமல், நான் சாப்பிடும் கறியை எதிரில் வைத்துச் சாப்பிடக்கூடிய ஒரே மேசை அங்கேதான் இருக்கிறது. அதற்கு ஐந்தாவது நோக்கம் ஒன்று வேண்டும். சட்டத்தில் இல்லை.

விசாரணை ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு. யாருக்காகக் கடையை நீட்டிக்கக் கேட்டார்களோ அவர்களில் பாதிப் பேர் அந்த நேரத்தில் அடுத்த ஷிஃப்டில் நின்றிருப்பார்கள், மீதிப் பேர் இரவு வேலை முடித்துத் தூங்கிக்கொண்டிருப்பார்கள். டவுன் ஹாலில் இரண்டாவது மாடி. நீள மேசையில் மூன்று கவுன்சிலர்கள், பக்கத்தில் சட்ட ஆலோசகர், குறிப்பெடுக்கும் ஒருவர். பேச வேண்டியவர் முன்னால் மைக்கில் ஒரு சிவப்பு விளக்கு எரியும். மொத்தம் பதினான்கு எதிர்ப்புக் கடிதங்கள். அதில் ஒன்பது ஒரே வாசகம். நேரில் வந்த எதிர்ப்பாளர்கள் மூன்று பேர். ஆதரித்து எழுதியவர்களில் வந்தது நான் மட்டும்.

போலீஸ் தரப்பில் யாரும் வரவில்லை. வாசலில் கேமரா, வெள்ளி சனிக்கிழமைகளில் வாசல் காவலர் என்று அவர்கள் கேட்டதைக் கடைக்காரர் முன்பே ஒப்புக்கொண்டிருந்தார். சுற்றுச்சூழல் பிரிவு அதிகாரி வாடை பற்றிய கேள்விக்கு, புகைப்போக்கியையும் வடிகட்டியையும் பார்த்ததாகவும் சரியாக இருப்பதாகவும் சொல்லிவிட்டு அமர்ந்தார். அதே தெருவில் நள்ளிரவு தாண்டியும் கறி சுடுகிற கெபாப் கடை இருக்கிறது. அதன் புகை எங்கள் ஜன்னல் வரை வரும். வாட்சப் குழுவில் அதைப் பற்றி ஒரு வரி கிடையாது. பிள்ளைகளின் பிறந்தநாளுக்கு அங்கிருந்துதான் ஆர்டர்.

முதலில் பேசியவர் ஓய்வுபெற்ற ஒரு செவிலியர். கரீபியன் குடும்பத்தில் பிறந்தவர், எழுபது வயதுக்கு மேல் இருக்கும். பப்பின் பின்சுவரை ஒட்டி அவர் வீடு. அவர் சொன்னவை மூன்றே விஷயங்கள். இரவு கடை மூடியதும் காலிப் பாட்டில்களைக் கண்ணாடித் தொட்டியில் கொட்டுகிறார்கள், அந்தச் சத்தத்தில் தூக்கம் போனால் பிறகு வருவதில்லை. சிகரெட் பிடிக்க வெளியே வருகிறவர்கள் தன் படுக்கையறை ஜன்னலுக்குக் கீழே நின்று பேசுகிறார்கள். எதுவும் சொல்ல வேண்டுமென்றால் கடையில் யாரும் போன் எடுப்பதில்லை. தேதி, நேரம் எல்லாம் ஒரு சிறு நோட்டில் எழுதி வைத்திருந்தார். யார் வருகிறார்கள், எந்த நிறம், எந்த மொழி, எப்படிப்பட்ட ஆட்கள் என்று ஒரு சொல்கூட அவர் வாயிலிருந்து வரவில்லை. கடைக்காரரின் முகம் தொங்கிப்போனது. எனக்கும் வெட்கமாக இருந்தது, ஏனென்றால் அந்த ஜன்னலுக்குக் கீழே நின்று பேசியவர்களில் நானும் ஒருத்தி.

கவுன்சிலர் ஒருவர் கேட்டார்: “எந்த நிபந்தனை வைத்தால் நீங்கள் சம்மதிப்பீர்கள்?”

அவரிடம் பதில் தயாராக இருந்தது. இரவு பத்திலிருந்து காலை எட்டு வரை பாட்டில் கொட்டக்கூடாது. ஒன்பது மணிக்கு மேல் சிகரெட் பிடிப்பவர்கள் பின்பக்கம் வரக்கூடாது, பெரிய சாலைப் பக்கம் நிற்கட்டும். மேலாளரின் நம்பர் அக்கம்பக்கத்தாரிடம் இருக்க வேண்டும். கடைக்காரர் மூன்றுக்கும் அங்கேயே சரி என்றார். அம்மா நோட்டை மூடி வைத்துவிட்டார்.

இரண்டாமவர், முகப்பு வீட்டுக்காரர், கார் நிறுத்துவது பற்றி ஏதோ சொன்னார். அது உரிமக் குழுவின் வேலை இல்லை என்றார்கள்.

மூன்றாவதாக நம்முடைய அண்ணன். குழுவில் மாதிரிக் கடிதம் போட்டவர். பெரிய வங்கி ஒன்றில் வேலை, அருமையான ஆங்கிலம், கையில் அச்சடித்த பக்கங்கள். பகுதியின் தன்மை, குடும்பங்கள், பாதுகாப்பு உணர்வு, சொத்து மதிப்பு என்று போனார். சொத்து மதிப்பு என்றதும் சட்ட ஆலோசகர் தலையை ஆட்டி நிறுத்தினார். மீதியைக் கேட்டுவிட்டு அதே கவுன்சிலர் அதே கேள்வியைக் கேட்டார். எந்த நிபந்தனை வைத்தால் நீங்கள் சம்மதிப்பீர்கள்?

அண்ணன் பக்கங்களைப் புரட்டினார். சத்தம் என்றால் ஜன்னல்களை மூடச் சொல்லலாம், சரியா? ஆமாம், ஆனால் அது மட்டும் இல்லை. நேரம் என்றால் பன்னிரண்டாகக் குறைத்தால்? நேரமும் இல்லை. வாசல் காவலர் இருவர் ஆக்கினால்? மைக்கின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. கடைசியில் சொன்னார்: “எந்த நிபந்தனையும் உதவாது. இது தவறான இடம். வேறு எங்காவது, ஸ்டேஷனுக்கு அந்தப் பக்கம் நடத்திக்கொள்ளட்டும்.”

ஸ்டேஷனுக்கு அந்தப் பக்கம்! தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம், ஓடைக்கு அந்தப் பக்கம், ஏரிக்கரைக்கு அந்தப் பக்கம் என்று நம் அம்மாக்களும் பாட்டிகளும் கேட்டுக் கேட்டுச் சலித்த அதே திசையைத்தான் அவர் காட்டினார். எட்டாயிரம் கிலோமீட்டர் தள்ளி வந்தும் அவருக்கு அந்தத் திசை மறக்கவில்லை.

அந்தக் கேள்வியைத்தான் அன்றிலிருந்து எல்லா இடத்திலும் வைத்துப் பார்க்கிறேன். பாட்டில் சத்தம் தொல்லை என்றால் பாட்டிலை நிறுத்தினால் தொல்லை தீரும். ஆள்தான் தொல்லை என்றால் எதை நிறுத்துவது? டீக்கடையில் தனிக் குவளை வைத்தவனிடம் குவளையை நன்றாகக் கழுவித் தருகிறேன் என்றால் ஒப்புக்கொண்டானா? சென்னையில் வீடு வாடகைக்குக் கேட்டுப் போகும்போது சைவம்தான் சமைப்போம் என்று சொல்லி, ஆறு மாத முன்பணமும் தந்தவர்களுக்குச் சாவி கிடைத்ததா? சில நேரம் கிடைத்தது, பெயர் தெரிகிற வரை. ஒரு புகாருக்குப் பின்னால் சாதி இருக்கிறதா என்று கண்டுபிடிக்க நம்மில் பலர் புகார் சொல்கிறவரின் மனதைத் தோண்டுகிறோம். அவர் உடனே ‘என் மனசு எனக்குத் தெரியாதா, எனக்குத் தலித் நண்பர்கள் இருக்கிறார்கள்’ என்பார். மனதை விட்டுவிட்டு நிபந்தனையைக் கேளுங்கள்.

இந்த ஊரின் பப்புகளுக்கும் இந்தக் கேள்வி புதிதல்ல. 1960களில் மேற்கு மிட்லாண்ட்ஸ் பகுதியில் பஞ்சாபித் தொழிலாளர்கள் இரும்பு வார்ப்புப் பட்டறைகளில் உழைத்துவிட்டுப் பப்புக்குப் போனால், பொது அறையில் வேண்டுமானால் நில், மெத்தை போட்ட அறைக்குள் வராதே என்பார்கள். சில கடைகளில் எதுவுமே கிடையாது. இந்தியத் தொழிலாளர் சங்கத்தின் அவ்தார் சிங் ஜோல் போன்றவர்கள் வெள்ளை மாணவர்களையும் சேர்த்துக்கொண்டு இந்தக் கடைகளுக்குள் நுழைந்து நிறத்தடையை அம்பலப்படுத்தினார்கள். 1965 பிப்ரவரி 12 அன்று ஸ்மெத்விக் நகரத்துக்கு வந்த மால்கம் எக்ஸை அவர்கள் ‘ப்ளூ கேட்ஸ்’ என்ற பப்புக்கு அழைத்துப் போனார்கள். அங்கே அந்தத் தனி அறையில் அவர்களுக்குக் கொடுக்க மறுத்தார்கள். பொது அறையில்தான் குடிக்க முடிந்தது. ஒன்பது நாள் கழித்து நியூயார்க்கில் மால்கம் எக்ஸ் கொல்லப்பட்டார். அந்த ஆண்டின் இறுதியில் பொது இடங்களில் இனப் பாகுபாட்டைத் தடுக்கும் முதல் சட்டம் இங்கே வந்தது. ஒரே கட்டடத்துக்குள் இரண்டு அறை, இரண்டு வகை மனிதர். இரட்டைக் குவளையைப் பார்த்து வளர்ந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அந்தப் போராட்டத்தின் பலனால்தான் இன்று நம் அண்ணன் எந்தப் பப்பிலும் எந்த நாற்காலியிலும் உட்கார முடிகிறது. அலுவலக நண்பர்களோடு வியாழக்கிழமைதோறும் உட்காரவும் செய்கிறார், படம் போடுகிறார். அவருக்குப் பப் பிரச்சினையே இல்லை.

இப்போது நண்பரின் கேள்விக்கு வருகிறேன். மதுவை எதிர்ப்பது நம் மரபில்லையா? உண்டு. அயோத்திதாசர் பவுத்த ஒழுக்கத்தின் பகுதியாக மதுவை மறுத்தார். பெரியார் காங்கிரசில் இருந்தபோது கள்ளுக்கு எதிராகத் தன் தோப்பு மரங்களையே வெட்டினார். பிற்பாடு அவரே அரசின் மதுவிலக்கை எதிர்க்கவும் செய்தார். இவர்களில் எவரும் ‘அவன் வீட்டுப் பக்கம் குடிக்கட்டும், என் தெருவில் வேண்டாம்’ என்று சொன்னவர்கள் இல்லை. 2016 டிசம்பரில் நெடுஞ்சாலையோர மதுக்கடைகளை அகற்றச் சொல்லி உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன பிறகு டாஸ்மாக் கடைகள் ஊருக்குள் நகர்ந்தபோது, 2017 ஏப்ரலில் சாமளாபுரத்தில் பெண்கள் சாலையில் உட்கார்ந்தார்கள். போலீஸ் அதிகாரி ஒருவர் ஒரு பெண்ணின் கன்னத்தில் அறைந்ததை நாடே பார்த்தது. அந்தப் பெண்களுக்கு நீலத் தாள் ஒட்டப்படவில்லை. 28 நாள் கொடுக்கப்படவில்லை. ‘எந்த நிபந்தனை வைத்தால் சம்மதிப்பீர்கள் அம்மா’ என்று மைக்கைத் திருப்பி வைத்து யாரும் கேட்கவில்லை. நம் ஊரில் விற்பதும் அரசு, இடம் பார்ப்பதும் அரசு, எதிர்த்தால் அடிப்பதும் அரசு. 2003ஆம் ஆண்டின் விற்பனை விதிகளில் கோயிலிலிருந்தும் பள்ளியிலிருந்தும் நகரத்தில் 50 மீட்டர், மற்ற இடங்களில் 100 மீட்டர் என்று டேப் வைத்து அளக்க ஒரு வழி இருக்கிறது. குடியிருக்கும் பெண்ணின் வாசலிலிருந்து எத்தனை மீட்டர் என்று அந்த விதி கேட்பதில்லை.

(அரசே மதுக்கடை நடத்துவது நமக்கு மட்டும் சொந்தம் என்று நினைத்திருந்தேன். முதல் உலகப் போரில் வெடிமருந்து ஆலைத் தொழிலாளர்கள் குடித்துவிட்டு வேலைக்கு வருகிறார்கள் என்று சொல்லி, 1916இல் கார்லைல் பகுதியின் பப்புகளை பிரிட்டிஷ் அரசு கையகப்படுத்தி 1970களின் தொடக்கம் வரை நடத்தியது. பிற்பகலில் பப்புகளை மூடி வைக்கும் போர்க்கால வழக்கம் 1988 வரை நீடித்தது. உழைக்கிறவன் எப்போது குடிக்கலாம் என்பதை மேலே இருப்பவன் தீர்மானிக்கிற ஆசைக்கு நாட்டெல்லை கிடையாது.)

ஆகவே நண்பரே, சாமளாபுரத்துப் பெண்களையும் எங்கள் தெரு அண்ணனையும் ‘மது எதிர்ப்பு’ என்ற ஒரே பையில் போடாதீர்கள். அந்தப் பெண்கள் யாரையும் ஸ்டேஷனுக்கு அந்தப் பக்கம் அனுப்பவில்லை. அவர்களுக்கு உறவு அந்தச் செவிலியர் அம்மாதான்.

என் முறை வந்தது. ஐந்து நிமிடம். எழுதிக் கொடுத்ததைப் பேசினேன். என் கைப்பேசியில் அந்த வாட்சப் செய்திகளின் படம் இருந்தது. முந்தின இரவு சட்டம் படிக்கும் தோழி ஒருத்தியிடம் இதைக் காட்டலாமா என்று கேட்டிருந்தேன். விசாரணைக்கு முன்பே கொடுத்திருக்க வேண்டும், விசாரணை நாளில் புதிதாக ஒரு ஆவணத்தைக் கொடுக்க வேண்டுமென்றால் எல்லாத் தரப்பும் சம்மதிக்க வேண்டும் என்றாள். எல்லாத் தரப்பும் என்றால் அண்ணனும்தான். சேரி என்று எழுதியதைக் காட்ட, அதற்குக் கட்டைவிரல் உயர்த்தியவரிடம் நான் அனுமதி வாங்க வேண்டும்.

முன்பே கொடுத்திருக்கலாம். 28 நாள் இருந்தது. கொடுக்கவில்லை. ஏன் என்று இப்போது எளிதாகச் சொல்லலாம்: பயம். கோட்டு கொடுத்த அண்ணியின் முகம். ‘படிக்க வந்த இடத்துல எதுக்கும்மா வம்பு’ என்கிற என் அம்மாவின் குரல். கொடுத்தால் என் சேரியையும் சேர்த்துக் கொடுக்க வேண்டியிருக்கும் என்ற தயக்கம். சட்டத்தின் ஓட்டையைப் பற்றி ஆயிரம் சொற்கள் எழுதுகிறவள் இந்த ஓட்டையையும் சொல்ல வேண்டும்.

கடைசி அரை நிமிடத்தில் தாளை விட்டுவிட்டுச் சொன்னேன்: “ஒன்பது கடிதங்களில் இருக்கும் ‘பொருந்தாத வாடிக்கையாளர்கள்’ என்பதற்கு என் மொழியில் ஒரு சொல் இருக்கிறது. அது சாதியைக் குறிக்கும் சொல்.” தலைவர் மரியாதையாகத்தான் குறுக்கிட்டார். உரிம நோக்கங்களோடு நிற்கும்படி கேட்டுக்கொண்டார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. குடியைப் பாவம் என்பவரையும் அவர் அப்படித்தான் நிறுத்தியிருப்பார்.

கோபம் வேறு இடத்தில். விசாரணை தொடங்கும்போது சட்ட ஆலோசகர் ஒரு வாக்கியத்தை வாசித்தார்: 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டத்தின்படி பாகுபாட்டை ஒழிக்க வேண்டிய கடமை இந்தக் குழுவுக்கு உண்டு என்று. 149ஆம் பிரிவு. இனம், மதம், பாலினம், ஊனம், வயது என்று பட்டியல் நீளும். சாதி என்ற சொல் அந்தப் பட்டியலில் இல்லை. இனம் என்பதற்குள் சாதியைச் சேர்க்கலாம் என்று 2010இல் அதே சட்டம் அமைச்சருக்கு அதிகாரம் கொடுத்தது. தலித் அமைப்புகள் போராடி 2013இல் அதைச் ‘சேர்த்தே ஆக வேண்டும்’ என்று நாடாளுமன்றத்தில் திருத்த வைத்தன. சில இந்து அமைப்புகள் அதைக் கடுமையாக எதிர்த்தன. இழுத்தடித்து, கருத்துக் கேட்பு என்று ஒன்றை நடத்தி, 2018 ஜூலையில் அரசு கைவிரித்தது. நீதிமன்றத் தீர்ப்பே போதும் என்றார்கள். அவர்கள் சொன்ன தீர்ப்பு பெர்மிலா டிர்கி வழக்கு. பீகாரிலிருந்து வீட்டு வேலைக்குக் கொண்டுவரப்பட்டு, அற்பக் கூலிக்கு நாள் முழுக்க வேலை வாங்கப்பட்ட ஆதிவாசிப் பெண். அவர் வழக்கில் 2014இல் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம், சாதி சில நேரங்களில் ‘இனம்’ என்பதற்குள் அடங்கலாம் என்றது. சில நேரங்களில், அடங்கலாம். செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு ஒரு டவுன் ஹால் அறையில் மூன்று கவுன்சிலர்கள் இந்த ‘லாம்’-ஐ வைத்துக்கொண்டு என்ன செய்வார்கள்? அந்தப் பட்டியலில் அந்தச் சொல் அச்சில் இருந்திருந்தால், நான் அதை உச்சரித்தபோது தலைவர் என்னை நிறுத்துவதற்கு முன் பக்கத்தில் இருந்த சட்ட ஆலோசகரைத் திரும்பிப் பார்த்தாவது இருப்பார்.

முடிவு சில நாட்களில் வந்தது. வெள்ளியும் சனியும் ஒரு மணிக்குப் பதிலாகப் பன்னிரண்டரை வரை. செவிலியர் அம்மாவின் மூன்று நிபந்தனைகளும் அப்படியே. பதினொன்றுக்கு மேல் ஜன்னல்கள் மூடியிருக்க வேண்டும். ‘பகுதியின் தன்மை’ பற்றி, உரிம நோக்கங்களோடு தொடர்புடைய ஆதாரம் முன்வைக்கப்படவில்லை என்று ஒரே வரி. வென்றோம் என்று கடைக்காரர் மாட்டுக்கறி பரிமாறினார். நான் சாப்பிட்டேன். ஆனால் அந்த ஒரு வரி எனக்குச் செரிக்கவில்லை. ஆதாரம் முன்வைக்கப்படவில்லை என்பது உண்மை. முன்வைக்காதவள் நான்.

விசாரணை முடிந்த அன்று மாலையே வாட்சப் குழுவிலிருந்து என்னை நீக்கிவிட்டார்கள். அண்ணியிடமிருந்து மட்டும் தனியாக ஒரு செய்தி வந்தது: “உன்னைப் பத்தி இப்படி நினைக்கலம்மா. உங்க வீட்ல தெரியுமா நீ பப்புக்கெல்லாம் போறது?” தெரியும் அண்ணி, என்று பதில் போட்டேன். எந்த ஊர் என்றும் சேர்த்து எழுதினேன். இரண்டு நீலக் குறி விழுந்தது. அவ்வளவுதான்.

போன வாரம் இரண்டு தெரு தள்ளி இன்னொரு கதவில் வெளிர்நீலத் தாள் ஒட்டியிருக்கிறது. ஒரு வங்காளதேசக் குடும்பத்தின் கோழிக்கடை, இரவு இரண்டு வரை சூடான உணவு விற்க அனுமதி கேட்டிருக்கிறார்கள். குழுவில் மாதிரிக் கடிதம் மறுபடி சுற்றுகிறதாம். உள்ளே இன்னும் இருக்கிற ஒரு தம்பி அதையும் அதற்கு மேலே தமிழில் ஓடிய பேச்சையும் படம் எடுத்து எனக்கு அனுப்பினான். கடைசி நாளுக்கு இன்னும் பதினேழு நாள் இருக்கிறது. என் கடிதத்தை நேற்றிரவு எழுதி முடித்தேன். படங்கள் முதல் பக்கத்திலேயே இருக்கின்றன, ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் மொழிபெயர்ப்போடு. சேரி என்ற சொல்லுக்கு ஆங்கிலத்தில் என்ன போடுவது என்று யோசித்து, கடைசியில் அப்படியே விட்டுவிட்டு, அது என்ன இடம், அங்கே யார் வாழ்கிறார்கள் என்று ஒரு பத்தி எழுதினேன். நான் அங்கிருந்து வந்தவள் என்பதும் அந்தப் பத்தியில் இருக்கிறது.